காமிராவின் காது

மத்திகிரியில் நமது ஆலயத்துக்குள் காமிரா நுழைந்தது கள்வரை முன்னிட்டே. உண்டியல் ஒருமுறை உடைபட்ட பின்னர், ஆலயத்தின் பின்பக்கத்திலுள்ள பாடகர் மாடத்துக் கைப்பிடியில் அதைப் பொருத்தினோம். ஓராண்டுக் காலம் அது உண்டியலையும் நம்மையும் ஒருசேரக் கண்காணித்து வந்தது.

முடக்குவாதத்தால் படுக்கையில் கிடக்கும் காலஞ்சென்ற உபதேசியாரின் மனைவி, "பூசை பாத்து எட்டு மாசமாச்சுங்க சாமி" என்று ஒரு நாள் கண்ணீர் உகுத்தார். அதே காமிராவைக் கொண்டு ஞாயிறு திருப்பலியை யூடியூப் வழியாக அவர் இல்லத்துக்கு அனுப்பலாகாதா என்று நினைத்தோம். நோயுற்றிருந்த அசிசி நகர்ப் புனித கிளாரம்மாள், கிறிஸ்து பிறப்பு இரவு வழிபாட்டைத் தம் படுக்கையிலிருந்தே கண்டார், கேட்டார் என்பது மரபு. அதனாலன்றோ பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் 1958-இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலி என அறிவித்தார்! ஆனால், கிளாரம்மாளுக்கு இணைய இணைப்பின் தொல்லை இருந்ததில்லை.

ஒத்திகையின்போது படம் அடிக்கடி உறைந்து நின்றது. ஓசூரில் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் பங்கு இளைஞர் ஒருவர் வந்து, காமிராவின் அமைப்புப் பக்கத்தைக் கணினியில் திறந்து பார்த்தார். பிழை நம்முடையதே. கள்வன் முகம் தெளிவாக விழவேண்டுமென்று அனைத்தையும் உச்சத்தில் வைத்திருந்தோம். காமிரா நொடிக்கு 6 மெகாபிட் வெளியே தள்ளியது. நமது இணைப்பு மேலேற்றக்கூடியதோ 4 மட்டுமே. அவர் படத்தை 1280-க்கு 720 புள்ளிகளாகவும், வேகத்தை 2 மெகாபிட்டாகவும் குறைத்தார். எச்.265 என்னும் சுருக்கமுறையைப் பழைய எச்.264-ஆக மாற்றினார். காமிரா எப்போதும் முழுப் படத்தை அனுப்புவதில்லையாம். ஒரு முழுப் படம், பின்பு அதிலிருந்து மாறியவை மட்டும். நொடிக்கு 25 படங்கள் என்ற கணக்கில் 'ஐ-பிரேம்' இடைவெளியை 50 என்று இட்டால், இரண்டு நொடிக்கு ஒரு முழுப் படம் போய்ச் சேரும். யூடியூப் கேட்பதும் அதுவே.

ஊமைப் பூசை எதற்கு? ஆகவே 'படம் மட்டும்' என்றிருந்ததைப் 'படமும் ஒலியும்' என்று மாற்றினார்.

அன்று சனிக்கிழமை மாலை. பாவசங்கீர்த்தனத்துக்கு மக்கள் வர அரைமணி இருந்தது. மாடத்தின் அடியிலுள்ள பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து, கட்டளைச் செபத்தை மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தோம். இளைஞர் கையில் தொலைபேசியுடன் ஓடி வந்தார்.

"சாமி, நீங்க ஜெபம் சொல்றது இதுலே அப்படியே கேக்குதுங்க!"

நமக்குக் குலை நடுங்கியது. உடலில் ஓர் அங்குலமும் இல்லாத துளையினுள்ளே இருந்த ஒலிவாங்கி, பீடத்தின் குரலை எதிரொலியாகவும், தொட்டியின் முணுமுணுப்பைத் தெளிவாகவும் வாங்கியிருக்கிறது! அப்படியாயின் இந்த ஓராண்டும்? பதிவுப் பெட்டியை அங்கேயே திறக்கச் செய்தோம். அதில் கிடந்த முப்பது நாள் பதிவுகளையும் ஒவ்வொன்றாய்ச் சோதித்தார் அவர். எதிலும் ஒலியில்லை. காமிராவைப் பொருத்தியவர் 'படம் மட்டும்' என்று விட்டுச் சென்றிருந்தார். நம் மதியால் அன்று. அவருடைய சோம்பலால் இருக்கலாம்.

அன்றைக்கே ஒலி உள்ளீட்டை 'லைன் இன்' என மாற்றி, ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து ஒரு கம்பியை இழுத்தோம். இனி பீடத்து மைக்கில் பேசுவது மட்டுமே காமிராவுக்குப் போகும். தொட்டிப் பக்கத்தைப் படத்திலும் கறுப்புக் கட்டமிட்டு மறைத்தோம். திருப்பலி தவிர்த்த வேளைகளில் ஒளிபரப்பு நிறுத்தப்படும், கடவுச்சொல்லும் புதியது.

மறுநாள் திருப்பலி தடையின்றிப் போய்ச் சேர்ந்தது. மாலையில் நற்கருணையுடன் அம்மூதாட்டியைக் காணச் சென்றோம். படம் தெளிவாயிருந்ததா என்று வினவினோம்.

"எல்லாம் தெரிஞ்சுதுங்க சாமி. முன்னாலே நாலு பெஞ்சு காலியாக் கெடக்குதே, ஏனுங்க?" என்றார்.