விதைநெல்லுக்குக் காவல் இருந்த ஊதா விளக்கு

போன வருசம் விதைநெல்லைக் காப்பாத்தப் போய்க் கண்ணைக் கெடுத்துக்கிட்ட கதை இது.

நாங்க மேலூர்ப் பக்கம், ஒருபோகப் பாசனம். பெரியாறு வாய்க்காலில் தண்ணி வந்தால்தான் நாத்தங்கால். அதுவரைக்கும் விதைநெல் வீட்டில்தான் கிடக்கணும். ஒருநாள் மூட்டையைப் பிரிச்சா உள்ளங்கையில் மாவு மாதிரி ஒட்டுது. நெல் துளைப்பான் வேலை. மாத்திரை போட்டு மூடிடுங்கன்னாங்க. அதிலிருந்து வருகிற பாஸ்பீன் வாயு பூச்சியை மட்டும் தேடிப்பிடித்துக் கொல்லாது. அடுத்த அறையில் அப்பத்தா படுத்திருக்கும். வேண்டாம்னு விட்டுட்டேன்.

அப்புறம்தான் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வடிவமைத்த புற ஊதா விளக்குப் பொறி ஒன்றை வாங்கினேன். 4 வாட் விளக்கு, சுற்றி ஒரு புனல், கீழே கண்ணாடி மாதிரி டப்பா, அவ்வளவுதான். தானியக் கிட்டங்கிகளுக்காகச் செய்தது. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், மூலையில் மாட்டச் சொல்கிறார்கள், சாயங்காலமானா வண்டுகள் மூலை தேடிப் போகுமாம். நமக்குத் தெரியாத புற ஊதா ஒளி பூச்சிக் கண்ணுக்குத் தெரியும். விளக்கு அதைச் சுட்டுக் கொல்றதில்லை, கூப்பிடுது.

முதல் ராத்திரியே டப்பாவில் வண்டு குமிஞ்சிருச்சு. நான் ஆசையா விளக்குக்குக் கீழேயே நின்னு எண்ணிக்கிட்டிருந்தேன். நடுச்சாமத்தில் கண்ணுக்குள்ள மணலைக் கொட்டின மாதிரி எரிச்சல். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தவங்களுக்கு வருமே, அதேதான். கருவிழி வெந்திருக்குன்னார் டாக்டர். ரெண்டு நாள் இருட்டில் கிடந்தேன். “ஏங்க, பூச்சிதான் விளக்கைப் பார்த்து ஓடுது, உங்களுக்கு என்ன வந்துச்சு?” என்றாள் வீட்டுக்காரி.

பத்து நாள் கழிச்சும் மூட்டையில் மாவு கொட்டிக்கிட்டேதான் இருந்துச்சு. பொறியில் விழுவது பறக்கிற வண்டு மட்டும். நெல்லுக்குள்ளே உட்கார்ந்து தின்கிற புழுவுக்கு எந்த விளக்கும் தெரியாது. பொறி நமக்கு எச்சரிக்கைதான், வைத்தியமில்லை.

அப்பத்தா, “களத்துல போடுறா” என்றது. சாப்பாட்டு நெல்லை உச்சி வெயிலில் காயவிடச் சொன்னது, விதைநெல்லை விடலை. காலையிலும் சாயங்காலமும் மட்டும். விதை நூல்களும் 12 மணியிலிருந்து 3 மணி வரை வேண்டாம் என்றுதான் சொல்கின்றன. அந்நேரத்துக் கடும் வெயிலும் புற ஊதாவும் முளைப்பைக் கெடுக்கும். பூச்சியைக் கொல்கிற சூடு விதையையும் கொல்லும், அதுதான் சிக்கல். சிமெண்டுத் தரை சூடேற ஏற வண்டுகள் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடின. புடைச்சுப் புடைச்சு எடுத்தோம்.

நூறு நெல்லை ஈரத்துணியில் கட்டி வெச்சேன். 74 முளைச்சுது. சான்று விதைக்கு 80 வேணும். மனசு கனத்துப்போச்சு, வேற விதை வாங்கவும் மனசில்லை. தண்ணி வந்ததும் ஏக்கருக்கு 5 கிலோ கூடப் போட்டு நாத்துப் பாவினேன்.

விளக்கு இன்னும் அந்த மூலையில்தான் தொங்குது. சுவிட்சை மட்டும் கதவுக்கு வெளியே மாத்திட்டேன்.