நந்தி மலையடியில் கவாத்துக் காலம்

நந்தி மலைப் பக்கம் தலையெடுக்கும் பாலாறு, கோலார் மாவட்டத்தைக் கடந்து எங்கள் பேத்தமங்களா ஏரியை நிரப்பிவிட்டுத்தான் தமிழ்நாட்டுக்குள் போகும். ஆற்றில் தண்ணீர் வந்தால், அதாவது. தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயல் குடித்தது இந்த ஏரியைத்தான். அங்கே ஆங்கிலோ இந்திய வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுவார்கள். நீலத் திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, ஈஸ்ட். பீங்கான் ஜாடியில் போட்டு வாயை வெள்ளைத் துணியால் கட்டிவிடுவார்கள். தித்திப்பாக, இருமல் மருந்து நிறத்தில் இருக்கும். அந்தத் திராட்சைதான் பெங்களூர் புளூ. புவிசார் குறியீடு வாங்கிய ரகம். தேவனஹள்ளி, சிக்கபள்ளாப்பூர் பக்கம் இன்றும் பந்தல் பந்தலாக நிற்கிறது.

ஆனால் நந்தி மலையடியில் வேறு ஜாதிக் கொடிகளும் உண்டு. கன்வல் குரோவர் என்ற தொழிலதிபர், பிரான்சின் ஷாம்பெயின் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் வெஸ்ஸெல் என்ற நிபுணரைக் கூட்டிக்கொண்டு ஒயின் திராட்சைக்கு இந்தியாவெங்கும் மண் பார்த்து அலைந்து, கடைசியில் தொட்டபள்ளாப்பூர்ப் பக்கம் இடம் பிடித்தார். 1988-இல் கம்பெனி, 1992-இல் முதல் பாட்டில். 2012-இல் நாசிக்கின் ஜம்பாவோடு இணைந்து, இப்போது குரோவர் ஜம்பா. அங்கே தோட்டத்தையும் ஆலையையும் சுற்றிக் காட்டி, ஒயினைச் சுவைக்கவும் தருகிறார்கள். அதற்குத்தான் கோலார், தேவனஹள்ளி வழியாகப் போனேன். ஆனால் போகிற வழியில், ஒயின் ஆலைக்குப் பழம் விற்கும் ஒரு சின்ன விவசாயியின் தோட்டத்தில் பாதி நாள் போய்விட்டது. செப்டம்பர் கடைசி. கவாத்து நடந்துகொண்டிருந்தது.

இங்கிலாந்தின் சசெக்ஸ், கென்ட் பக்கத்துத் தோட்டங்களில் குளிர் வந்தால் இலை உதிர்ந்து கொடி தூங்கிவிடும். அப்போது ஒரு முறை வெட்டினால் அந்த வருஷத்துக் கவாத்து முடிந்தது. நம் ஊர்க் கொடிக்குத் தூக்கமே கிடையாது. விட்டால் வருஷம் பூரா தழைத்துக்கொண்டே இருக்கும், மழையில் காய்த்து அழுகும். கம்பம் பள்ளத்தாக்கில் இதையே வசதியாக்கிக்கொண்டு, பன்னீர் திராட்சையை ஏதாவது ஒரு தோட்டத்தில் எப்போதும் அறுத்துக்கொண்டிருப்பார்கள். ஒயின்காரர்களுக்கோ ஒரே மகசூல்தான் வேண்டும், அதுவும் மழையில்லாத நாளில். அதனால் இரண்டு வெட்டு. ஏப்ரலில் வெட்டுவது கொம்புக்கு. அந்த வெயிலில்தான் அடுத்த காய்ப்புக்கான கரு மொட்டுக் கண்ணுக்குள் உருவாகிறது. செப்டம்பரில் வெட்டுவது பழத்துக்கு.

மேஸ்திரி பங்காருபேட்டைக்காரர். கன்னடத்தில் அதட்டுவார், தெலுங்கில் கணக்குச் சொல்வார், என்னிடம் தமிழ். கத்திரியை எந்தக் கண்ணுக்கு மேலே வைப்பது என்று காட்டினார். ஒட்ட வெட்டினால் கண் காய்ந்துபோகும். கொஞ்சம் விட்டு, சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டிய வாயிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிகிறது. ஓர் அம்மா எதையும் எண்ணாமல், ஒரு கொடிக்குச் சில நொடிகளில் முடித்துவிட்டு அடுத்த கம்பிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அவருக்குப் பின்னால் இரண்டு இளைஞர்கள் கையுறை போட்டு, வாளியில் பஞ்சை முக்கி ஒவ்வொரு கண்ணாகத் தடவி வந்தார்கள். ஹைட்ரஜன் சயனமைடு. குளிர் செய்யாத வேலையை இந்த மருந்து செய்கிறது. தடவாவிட்டால் நுனிக் கண் மட்டும் முளைக்கும், மற்றவை சும்மா கிடக்கும். எதில் தடவியாயிற்று என்று தெரிய சிவப்புச் சாயம் கலந்திருந்தார்கள். மழை வருவதற்குள் காய வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி வேலை.

“தடவுற வாரம் ஒருத்தனும் தண்ணி அடிக்கக் கூடாதுன்னு சொல்லிடுவேன் சார். போன வருஷம் ஒரு பையன் கேக்கல. ஒரு குவார்ட்டர்தான். மூஞ்சியெல்லாம் செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம்.”

சும்மா பயமுறுத்தல் இல்லை. உடலுக்குள் போன சாராயம் உடையும்போது வரும் நச்சை அகற்றும் நொதியை இந்த மருந்து தடுத்துவிடுகிறது. குடியை நிறுத்தக் கொடுக்கும் மாத்திரையும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. ஆக, ஒயின் திராட்சையின் கண்ணைத் திறந்துவிடுகிறவன் அந்த வாரம் ஒரு சொட்டுகூடத் தொட முடியாது.

ஆலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பளபளவென்று எஃகுத் தொட்டிகள், குளிரூட்டிய அறையில் பிரெஞ்சு ஓக் பீப்பாய்கள், ஒவ்வொன்றும் 225 லிட்டர். சிவப்பு ஒயினுக்குத் தோலோடு புளிக்க வைப்பார்கள். மேலே மிதக்கும் தோல் காயாமல் இருக்க, அடியிலிருந்து சாற்றை இறைத்து மேலே ஊற்றுவார்கள். சுவைக்கும் மேசையில் சீஸ் துண்டுகள், துப்பிவிட ஒரு பாத்திரம். துப்ப எனக்கு மனம் வரவில்லை. நம் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் பெயரில் ஒரு வரிசை இருக்கிறது. அதில் வெள்ளை, வியோனியே திராட்சையில் செய்தது. பழுத்த பீச் வாசனை என்றார்கள். எனக்குச் செண்பகம்தான் நினைவுக்கு வந்தது. லா ரிசர்வ் என்ற சிவப்பு, கபர்னே சோவின்யோனும் ஷிராஸும் கலந்தது, நாக்கை இழுத்துப் பிடித்தது. தனியாகக் குடிக்கச் சுகமில்லை. மிளகு தூக்கலான ஆட்டுக்கறியோடு என்றால் எடுபடும்.

திரும்பும்போது மேஸ்திரியிடம் அறுவடைக்கு எப்போது வரலாம் என்று கேட்டேன். “பிப்ரவரி கடைசில வாங்க. விடியக்காலம் அஞ்சு மணிக்கு இங்க நிக்கணும். வெயில் ஏறிட்டா பழம் சூடாகி கூடையிலேயே புளிக்க ஆரம்பிச்சிடும், ஆலைக்காரன் வாங்க மாட்டான். பத்து மணிக்கு வந்தீங்கன்னா வெறுங்கொடியத்தான் பாப்பீங்க.”