கடிந்துகொள்ளும் அன்பு

வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு சபைகளுக்குக் கடிதங்கள் போகின்றன. ஒரு பாராட்டுகூட இல்லாமல் முழுக்கக் கண்டிப்பாகவே இருப்பது லவோதிக்கேயாவுக்குப் போன கடிதம். லெந்து நாட்களில் நான் தேடிப் போய்ப் படிப்பது அதைத்தான்.

இன்றைய துருக்கியில், டெனிஸ்லி நகரத்துக்குப் பக்கத்தில் இடிபாடுகளாகக் கிடக்கிறது லவோதிக்கேயா. அந்தக் காலத்தில் செல்வம் கொழித்த ஊர். கறுப்பு ஆட்டுரோமத்துக்குப் பேர்போனது. கி.பி. 60இல் நிலநடுக்கம் ஊரைச் சாய்த்தபோது, ரோமிடம் கையேந்தாமல் சொந்தப் பணத்திலேயே எழுந்து நின்றது என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். தண்ணீர் மட்டும் வெளியிலிருந்து குழாய் வழியாக வந்தாக வேண்டும். சுண்ணாம்பு தடித்துப் படிந்து உள்வாய் குறுகிப்போன அந்தக் குழாய்களை இன்றும் அங்கே பார்க்கலாம். அந்தத் தண்ணீரைக் குடித்து வாழ்ந்தவர்களிடம்தான், உங்களிடம் சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை என்று ஆண்டவர் சொல்கிறார். தனக்கு ஒரு குறையும் இல்லை என்றிருந்த ஊருக்கு இது எப்படி வலித்திருக்கும்!

ஆனால் நிதானமாகப் படித்தால், ஒவ்வொரு குற்றச்சாட்டின் பக்கத்திலும் அதற்கான மருந்து இருக்கிறது. ஏழை என்கிறார், உடனே புடமிட்ட பொன்னை என்னிடம் வாங்கிக்கொள் என்கிறார். நிர்வாணி என்கிறார், உடுத்த வெள்ளை வஸ்திரம் தருகிறார், அதுவும் கறுப்பு ரோமம் விற்ற ஊருக்கு. குருடன் என்கிறார், கண்ணுக்குக் கலிக்கம் தருகிறார். நேசிப்பதால்தான் கண்டிக்கிறேன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டு, வாசலில் நின்று தட்டுகிறார். திறந்தால் கூடவே உட்கார்ந்து சாப்பிடுவேன் என்கிறார். சிங்காசனத்தில் தன்னோடு இடம் தருவதாக வாக்களிப்பதும் இந்த ஊருக்குத்தான்.

எங்கள் வீட்டில் அம்மா திட்டும்வரை எங்களுக்குப் பயமில்லை. பேச்சை நிறுத்திவிட்டால்தான் வயிற்றைக் கலக்கும். கைவிட நினைப்பவர் மெனக்கெட்டுக் கடிதம் எழுத மாட்டார்.

மனுஷனைக் கூனிக்குறுக வைத்துவிட்டு அப்படியே விட்டுப்போகிற கண்டிப்பும் உலகத்தில் உண்டு. அதைத் தேவனுடைய குரல் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. அவருடைய கண்டிப்பு குறையைக் காட்டிய கையோடு கொடுக்கவும் செய்கிறது. எல்லாம் இருக்கிறது என்று கையை மூடி வைத்திருப்பவனுக்கு எதைத்தான் கொடுக்க முடியும்? என்னிடம் இல்லை, நீர் தாரும் என்று கை விரித்துக் கேட்பதுதான் தாழ்மை. மனந்திரும்புதல் தொடங்குவதும் அங்கேதான்.