எந்த ஆட்டோக்காரன்?

எங்க சந்துல கார் திரும்பாது. பொழிச்சலூர்ல அடையாத்துப் பக்கம் இறங்குற சந்து. எங்க சனத்துக்கு மனை அளந்து குடுத்தவங்க, இவங்களுக்கு சைக்கிள் போனா போதும்னு நெனச்சுத்தான் அளந்திருக்கணும். அதுலயும் ஒரு ஓரத்தைக் கால்வாய் எடுத்துக்கிச்சு. அந்தச் சந்துக்குள்ள வந்த முதல் கார் எங்க அக்காவோடது. அரசு ஆஸ்பத்திரியில நர்ஸ். நைட் டியூட்டிக்குப் பஸ்ஸுக்கு நின்னு நின்னு அலுத்துப்போயி, லோன் போட்டு ஒரு சின்னக் கார் வாங்குச்சு.

நாலாவது வருசம் ஒருநாள் ரிவர்ஸ் எடுக்கும்போது கால்வாய்ச் சுவர்ல இடிச்சிடுச்சு. பம்பர் கிழிஞ்சது, பின்கதவு நசுங்குச்சு. யாருக்கும் அடியில்ல, வேற வண்டியும் சம்பந்தமில்ல.

இன்சூரன்ஸ் கேக்கலாம்னு நானும் அக்காவும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். விண்ணப்பத்தில் 'விபத்து நடந்த விதம்' என்று ஒரு கட்டம். அக்கா பேனாவை எடுத்ததும் சூப்பர்வைசர் தடுத்தார்.

"இன்னாத்துக்கு மேடம் உங்க மேலயே போட்டுக்கிறீங்க? நின்னுட்டிருந்த வண்டிய ஒரு ஆட்டோக்காரன் இடிச்சுட்டுப் போயிட்டான், நம்பர் பாக்கலன்னு எழுதுங்க. எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறாங்க."

"எந்த ஆட்டோக்காரன்?" என்றது அக்கா.

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கல. எங்க சித்தப்பா பல்லாவரம் ஸ்டாண்டுல முப்பது வருசமா ஆட்டோ ஓட்டுறாரு.

அந்த மனுசன் கெட்டவரில்ல. இந்தப் பயம் எங்கிருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியும். 2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாறு பொங்கி பொழிச்சலூருக்குள்ள வந்தது. பக்கத்துல விமான நிலையத்தையே மூடினாங்க. தண்ணி வடிஞ்சதும் வண்டி வச்சிருந்தவங்க பதறிப்போயி சாவியத் திருகினாங்க. என்ஜினுக்குள்ள தண்ணி போயி மொத்தமும் இறுகிப் போச்சு. வெள்ளம் தானா செஞ்ச சேதத்துக்குத்தான் காசு, நீ ஸ்டார்ட் பண்ணதால ஆன சேதத்துக்குக் கிடையாதுன்னு பல பேருக்கு என்ஜின் செலவைக் கம்பெனிகள் தள்ளிவிட்டன. அதுலேர்ந்து 'நானே செஞ்சேன்னு மட்டும் வாயத் தொறக்காதே' என்பது சனங்க மனசுல சட்டமாகவே பதிஞ்சு போச்சு. நம்ம சனத்துக்கு அது புதுசும் இல்ல. ஸ்டேஷன்ல எழுதுன காகிதம் என்னிக்கு நமக்குச் சாதகமா இருந்திருக்கு?

ஆனா சுவர்ல இடிச்சது வேற கதை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கினது அடுத்தவனுக்கு நாம செய்யுற கெடுதிக்கான தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும். நம்ம வண்டிக்குன்னு தனியா காசு கட்டி வாங்குறது ஓன் டேமேஜ். ஓட்டுறவங்க கை தவறி இடிக்கிறதும் அதுல சேர்த்திதான். லைசென்ஸ் இல்லாம ஓட்டினாலோ, குடிச்சிட்டு ஓட்டினாலோ, வேணும்னே இடிச்சாலோதான் இல்லங்கலாம். உண்மையை எழுதினா கிடைக்கிற காசுக்கு எதுக்குப் பொய்? பொய்னு தெரிஞ்சா மொத்தத்தையும் தள்ளிவிட கம்பெனிக்கு உரிமை உண்டு. சுவர்ல உரசின கீறலும் ஆட்டோ முட்டின நசுங்கலும் ஒண்ணா இருக்காது. பாக்க வர்ற சர்வேயருக்கு அது தெரியும்.

எனக்கு வேற கணக்கு ஓடிச்சு. பில் 9,000 ரூபாய். பம்பர் 3,200, பிளாஸ்டிக்குங்கிறதால பாதி கழியும். பெயிண்ட் 4,000, அதுல கால்பங்கைப் பொருள் விலைன்னு வச்சு அதுல பாதி, 500 போகும். பாக்கி கதவு தட்டின கூலி, அது முழுசா கிடைக்கும். சின்ன காருக்கு எப்பவும் நாமளே போடவேண்டியது 1,000. கைக்கு வர்றது 5,900. ஆனா அக்கா 35 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் வாங்கிட்டிருந்தது. சும்மா விட்டா அடுத்த வருசம் 45, அப்புறம் 50. கேட்டா பூச்சியம், அப்புறம் 20, 25. வருசத்துக்கு 6,000 ஓன் டேமேஜ் பிரீமியம்னா மூணே வருசத்துல 6,000 வரை கைவிட்டுப் போகும். கைக்காசுல சரி பண்ணிக்கலாமேன்னேன். இப்பவும் என் கட்சி அதுதான்.

"இத்தினி வருசமா கட்டுறேன். ஒருதடவை வாங்கித்தான் பாக்குறேனே" என்றது அக்கா.

கட்டத்துக்குள்ள தமிழ்ல எழுதுச்சு: 'வண்டியை நான்தான் ஓட்டினேன். பின்னால் எடுக்கும்போது கால்வாய்ச் சுவரில் இடித்துவிட்டேன்.' கீழே முழுப் பேரையும் போட்டு கையெழுத்து. சர்வேயர் வந்து போட்டோ எடுத்தார், லைசென்ஸ் பாத்தார், ஒரு கேள்வியும் கேக்கல. 5,900 வந்துச்சு.

சித்தப்பாகிட்ட இதைச் சொன்னப்போ, ஆட்டோக்காரன் மேல போடச் சொன்னதுக்கு அவர் கோவப்படல. "எவ்ளோ புடிச்சிக்கினாங்க?"ன்னு கேட்டார். சொன்னேன். கொஞ்சநேரம் யோசிச்சார்.

"நான் தேர்டு பார்ட்டி மட்டும்தான்டா கட்டுறேன். என் வண்டி அடிபட்டா என் துட்டுதான்" என்றார்.