பாட்டி, ரெண்டு பேர் வர்றோம்!

"ஜப்பான் போயும் கிராமமா? அதுக்கு எங்க ஊருக்கே வாடா!" - ரூம்மேட் கலாய்ச்சான். ரெண்டு வருஷ ட்யூஷன் காசுங்க. மொத்தத்தையும் டோக்கியோலயே கரைக்க மனசு வரலை.

ஷிராகவாகோவில் புல் வேய்ந்த கூரைகள். பனி வழுக்கி விழ சுமார் 60 டிகிரி சாய்வு, கூரைக் கட்டுமானத்தில் ஆணியே இல்லை, கயிற்றுக்கட்டுதான்! மெக்கானிக்கல்காரன் மயங்காம இருப்பானா? கும்பிட்ட கை மாதிரி இருப்பதால் 'காஷ்ஷோ' வீடுகள். 1995-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. சில வீடுகளில் தங்கலாம். தகயாமாவிலிருந்து பஸ்ஸில் 50 நிமிஷம்தான்.

ராத்திரி ஏழுக்கு ஆர்வமா போன் போட்டேன். அங்கே பத்தரை! தூக்கக் கலக்கத்தில் ஒரு பாட்டி குரல். 'சுமிமாசென்'னு மன்னிப்பு கேட்டு வெச்சுட்டேன்.

மறுநாள் ஆறுக்கு அலாரம். பக்கத்துக் கட்டிலில் இருந்து சத்தம்: "ரெண்டு பேருன்னு சொல்லுடா!"