ஓடினா மட்டும் போதுமா?

ஏழாவது செமஸ்டர்ல என் எடை 91 கிலோ. பிளேஸ்மென்ட் போட்டோவுக்கு வாங்கின கோட்ல பட்டன் போட முடியல. அன்னைக்கே முடிவு பண்ணேன். விடியற்காலை 5 மணிக்கு, திருவொற்றியூர்ல இருந்து காசிமேடு பக்கம், கன்டெய்னர் லாரிகளுக்கு ஓரமா ஓட்டம். ஒரு நாள்கூட லீவு இல்ல. ராத்திரி சாப்பாடும் கட்.

முதல் மாசம் 5 கிலோ குறைஞ்சது. அப்புறம் முள் நகரவே இல்ல. முட்டி வலி வேற. ஒருநாள் தண்ணி கேனைத் தூக்கிட்டு மாடி ஏறினேன். இரண்டாவது மாடியிலயே கை நடுங்கிடுச்சு. ட்ரெய்லர் ஓட்டுற அப்பா கேனை வாங்கிட்டு சொன்னார்: "லோடு வண்டியையே ஆற விட்டுத்தாண்டா எடுப்போம்."

மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு இதை அப்பா சொல்ல வேண்டியிருந்தது! சாப்பாட்டைக் குறைச்சு வெறுமனே ஓடினா, கொழுப்போட தசையும் கரையும். தசை தேறுறது பயிற்சி நேரத்துல இல்ல, ஓய்வுலதான். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பெரியவங்களுக்குச் சொன்ன கணக்கும் இதுதான்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான கார்டியோ, கூடவே இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. நம்ம ராயபுரம் பாக்ஸர்களும் ஓட்டத்தோட நிறுத்துறதில்லையே!

இப்போ மூணு நாள் ஓட்டம், இரண்டு நாள் தண்டால், பஸ்கி. புதனும் ஞாயிறும் ஓய்வு. ராத்திரி முட்டையோ சுண்டலோ சாப்பிட்டு, 7 மணி நேரம் தூக்கம்.

நீங்களும் தினம் ஓடுறீங்கன்னா கொஞ்சம் யோசிங்க. எனக்குக் கோட் இன்னும் டைட்டுதான். ஆனா கேன் மூணாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு.