எல்லாம் உப்புக்காத்து!

எங்கள் ஊரில் எது கெட்டுப்போனாலும் அதற்கு ஒரே காரணம்தான். உப்புக்காத்து!

ஃபேன் சுற்றவில்லையா? உப்புக்காத்து. கேட்டின் கீல் கையோடு வந்துவிட்டதா? உப்புக்காத்து. பையன் கணக்கில் கோட் அடித்துவிட்டானா? அதற்கும் ஒரு பெரியவர் திண்ணையில் இருந்தபடியே, "நம்ம ஊரு காத்து அப்படி. மண்டையில ஏற மாட்டேங்குது" என்பார்.

ஊர் மரக்காணம். தமிழ்நாட்டில் தூத்துக்குடியைப் போலவே உப்பு விளைகிற இடம். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் காரை நிறுத்தி, வெள்ளைக் குவியல்களுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு அது போட்டோ அல்ல. பழியைப் போட வசதியான பார்ட்டி.

நான் பி.காம். என்னைப்போல் காமர்ஸ் படித்துவிட்டு ஆபீசில் குப்பை கொட்டும் நண்பர்களுக்கு சஸ்பென்ஸ் அக்கவுன்ட் ஞாபகம் இருக்கும். தமிழில் அனாமத்துக் கணக்கு. இருப்பாய்வில் இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லையா? வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்தில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஆனால் என்றைக்காவது தவறைக் கண்டுபிடித்துத் திருத்தப் பதிவு போட்டே ஆகவேண்டும்.

எங்கள் ஊருக்கு உப்புக்காத்துதான் அனாமத்துக் கணக்கு. அதில் நானும் ஒரு தொகையை மூன்று வருஷத்துக்கு மேல் போட்டு வைத்திருந்தேன்.

அப்பா உப்பு மண்டியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் ஒரு பழைய கார் வாங்கினார். வெள்ளை நிறம். (உப்பு படிந்தாலும் தெரியாதாம்!) அதில் அவருக்குப் பிடித்தது எஞ்சினோ மைலேஜோ அல்ல. டாஷ்போர்டில் இருந்த ஸ்டீரியோ. வட்டை வாயில் வைத்தால், சாமி பிரசாதத்தை வாங்குகிற மாதிரி மெதுவாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

காம்பாக்ட் டிஸ்க் கடைக்கு வந்தது 1982-ல். 1984-ல் பயனீர் கம்பெனி அதைக் காருக்குள் கொண்டுவந்தது. எங்கள் அப்பாவிடம் அது வந்து சேர்ந்தபோது உலகமே அதை விட்டுவிட்டு செல்போனுக்குப் போயிருந்தது. அப்பாவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அவர் எதற்குமே கடைசி ஆளாக வரிசையில் நிற்பவர்.

2022 மாசியில் அப்பா-அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம். தங்கை மோதிரம் போட்டாள். மாப்பிள்ளை வேட்டி, புடவை எடுத்தார். நான் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைப்பவன். என்னிடம் மோதிரம் எதிர்பார்ப்பது அநியாயம். புதுச்சேரியில் ஒரு கடையில் தூசி படிந்து கிடந்த காலி வட்டு ஒன்றைத் தேடிப்பிடித்து, அப்பாவுக்குப் பிடித்த கறுப்பு-வெள்ளைப் படப் பாட்டுகளாக எழுபது நிமிஷத்துக்குப் பதிவு பண்ணினேன். வெறும் வட்டாகக் கொடுத்தால் நன்றாக இருக்காதே? அப்பாவும் அம்மாவும் மாலையும் கழுத்துமாக நிற்கிற படத்தை வட்டமான ஸ்டிக்கர் தாளில் பிரின்ட் எடுத்து, குமிழி வராமல் தடவித்தடவி ஒட்டினேன்.

மோதிரத்தைப் பீரோவில் வைத்தார்கள். வட்டு காருக்குள் போனது. அப்பா தினமும் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த மே மாதம். அக்னி நட்சத்திரம். தங்கையும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். நானும் சென்னையிலிருந்து போயிருந்தேன். எல்லோரும் காரில் ஏறினோம். அப்பா சாவியைத் திருப்பினார். ஸ்டீரியோ "கர்ர்ர்... கர்ர்ர்... டக்" என்றது. பாட்டு வரவில்லை. வெளியே தள்ளும் பட்டனை அமுக்கினார். "கர்ர்ர்... டக்." வட்டும் வரவில்லை.

எனக்கு எங்கிருந்து அப்படியொரு கோபம் வந்ததோ! அதற்கு ஒரு மாதம் முன்பே அப்பாவுக்கு நான் போனில் வகுப்பு எடுத்திருந்தேன். 'காரைக் கடற்கரையில் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கண்ணாடியை முழுசாக ஏற்றிவிட்டு நிறுத்துங்கள்' என்று.

"எத்தனை தடவை சொன்னேன்? தினம் எக்கியார்குப்பத்துல கடலைப் பாக்க வண்டிய நிறுத்தினா இப்படித்தான் ஆகும். உப்புக்காத்து உள்ள போயிடுச்சு. ஒரு பொருளோட அருமை தெரிஞ்சாத்தானே?"

மாப்பிள்ளை எதிரில். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கியரைப் போட்டார்.

அதற்குப் பிறகு அந்த ஸ்டீரியோ ஊர்ச் சொத்தாகிவிட்டது. வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் அது வட்டைத் துப்பப் பார்த்துத் தோற்கும். "கர்ர்ர்... டக்." தெருப் பிள்ளைகள் அப்பாவைப் பார்த்தால் "கர்ர்ர்... டக்" என்று கத்திவிட்டு ஓடினார்கள். ஆலோசனைகளுக்கும் பஞ்சமில்லை. எதிர்வீட்டுக்காரர் ஹேர்பின்னோடு வந்தார். சித்தப்பா காந்தத்தை வைத்து இழுக்கலாம் என்றார். (வட்டு பிளாஸ்டிக், அதன் மேல் மெல்லிய உலோகப் பூச்சு. காந்தம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.) சென்னைக் கடையில் கேட்டேன். "அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுங்க சார்" என்றார்கள்.

அப்பா யாரையும் அதைத் தொட விடவில்லை. பிறகு வண்டியை எடுப்பதையே குறைத்துக்கொண்டார். ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார். வயசாகிவிட்டது, ஓட்டப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நமக்குத்தான் பெற்றவர்களைப் பற்றி எல்லாம் தெரியுமே!

போன மாதம், "வண்டியை வித்துடுப்பா" என்று அவரே சொன்னார்.

திண்டிவனத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். டயரை உதைத்தார், பானெட்டைத் தூக்கினார், சாவியைத் திருப்பினார். "கர்ர்ர்... டக்."

"செட்டு வேலை செய்யலையே சார். அஞ்சாயிரம் கொறைச்சுக்குங்க."

ஐயாயிரம் ரூபாய்க்கு நான் இரண்டு கட்டுரை எழுத வேண்டும்! அவரை ஒரு வாரம் கழித்து வரச்சொன்னேன். டீக்கடையில், எக்கியார்குப்பத்தில் ஒரு பையன் போட்டுக்காரர்களின் ஜி.பி.எஸ்., வயர்லெஸ் செட் எல்லாம் ரிப்பேர் பண்ணுகிறான் என்றார்கள். அப்பாவிடம் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு கீற்றுக்கொட்டகையில் பையன் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயசு இருக்கும். விஷயத்தைச் சொன்னேன்.

"கத்தி, கம்பி எதுனா வுட்டு நோண்டினீங்களாண்ணா?"

"இல்லப்பா. அப்பா விடல."

"அப்பப் பொழைச்சுக்கும்."

முதலில் வட்டை வெளியே தள்ளும் பட்டனைப் பத்து விநாடி விடாமல் அமுக்கிப் பிடித்தான். கர்ர்ர், டக். அடுத்து பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி மாட்டினான். மின்சாரம் போய் வந்தால் சில செட்டுகள் புத்தி தெளிந்து வட்டைக் கக்கிவிடுமாம். இது கக்கவில்லை. "சரி, தொறந்துட வேண்டியதுதான்" என்று மைனஸைத் திரும்பக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவை டாஷ்போர்டிலிருந்து பதமாக உருவினான். மேல் மூடியின் பொடி ஸ்குருக்களைக் கழற்றி, வரிசை மாறாமல் ஒரு தட்டில் வைத்தான்.

"இதுல வட்டை இழுக்கறது, தள்ளறது எல்லாமே இந்த ரப்பர் ரோலர்தாண்ணா. உள்ள போனதும் நடுவுல ஒரு கிளாம்பு புடிச்சுக்கும். கிளாம்பு தூக்கினாத்தான் ரோலர் தள்ள முடியும்."

ஓரத்தில் இருந்த ஒரு சின்னப் பல்சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றினான். கிளாம்பு மேலே எழுந்தது. எங்கள் வட்டு வெளியே வந்தது.

"உப்புக்காத்துதானே?" என்றேன், விடை தெரிந்தவன் மாதிரி.

பையன் செட்டின் உள்ளே டார்ச் அடித்துக் காட்டினான். "தினம் உப்புல ஊறின செட்டைப் பாக்கறவண்ணா நான். உப்பு ஏறினா பச்சை பூத்திருக்கும், கால் எல்லாம் அரிச்சிருக்கும். இதுல அவ்ளோ ஒண்ணுமில்ல. இந்தாங்க, இதான் ஆளு."

வட்டை நீட்டினான். ஸ்டிக்கர் பாதி உரிந்து சுருண்டிருந்தது. மாலையும் கழுத்துமாக அம்மா வட்டில் முழுசாக இருந்தாள். அப்பாவின் பாதி முகம் ரோலரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுல ஸ்டிக்கர் ஒட்டவே கூடாதுண்ணா. வட்டோட கனமே ஒண்ணே கால் மில்லிமீட்டர்கூட இல்ல. அதுக்குத்தான் செட்டுல எடம். தாளு வேற ஒட்டினா டைட்டா ஆயிடும். வெயில்ல வண்டிய மூடிப் போட்டா டாஷ்போர்டு அறுபது டிகிரிக்கு மேல போவும். கோந்து எளகிடும். தாளு உரியும், ரோலர்ல சுத்திக்கும். ஜன்னலைக் கொஞ்சம் தொறந்து வெச்சிருந்தாக்கூட இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும்."

கண்ணாடியை முழுசாக ஏற்றச் சொன்னது யார்? ஸ்டிக்கர் ஒட்டியது யார்? எனக்கு அந்த நிழலிலும் வியர்த்தது.

"பாட்டு பாடுமா?"

வட்டை வெளிச்சத்தில் பிடித்தான். தாள் உரிந்த இடத்தில் வெள்ளிப் பூச்சும் சேர்ந்து வந்திருந்தது. கண்ணாடி மாதிரி வெளியே தெரிந்தது. "இந்த மாதிரி வட்டுல பாட்டு இருக்கறது மேல்பக்கப் பூச்சுக்கு அடியிலதாண்ணா. அது போச்சுன்னா போச்சு."

ரோலரில் ஒட்டியிருந்த அப்பாவைத் துளித்துளியாகச் சுரண்டி எடுத்துத் துடைத்தான். அப்போதுதான் கொட்டகைக்குப் பின்னால் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்தார். பையனின் தாத்தா. காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கணக்கர் வண்டி ஆச்சே இது? நீ அவரு புள்ளையா?"

"ஆமாங்கய்யா."

"நல்லா இருக்காரா? டெய்லி சாயங்காலம் வருவாரு. தோ, அந்தப் படகாண்ட நிறுத்திட்டு நாலு கண்ணாடியும் எறக்கிட்டுப் பாட்டுப் போடுவாரு. நானும் அவரும் கேட்டுக்கினு குந்தியிருப்போம். மூணு வருசம் ஆச்சு, ஆளைக் காணோம். ஒரு தபா சந்தையில பாத்துக் கேட்டேன். 'காத்து பட்டா வண்டி கெட்டுடும்னு பையன் சொல்றான்பா'ன்னாரு. நாங்க என்னா, இங்கதான் பொறந்து வளந்தோம். நாங்க கெட்டாபூட்டோம்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "அப்பா ஏம்மா யாரையும் செட்டைத் தொட விடல?"

"நீ போட்டுக் குடுத்த வட்டு ஒடைஞ்சிடும்னுதான். வேற எதுக்கு?"

அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வட்டை அவர் மடியில் வைத்தேன். கட்டுரைகளில் பக்கம் பக்கமாகப் பேசுகிறவனுக்கு நாலு வாக்கியம் கோர்வையாக வரவில்லை.

"உப்புக்காத்து இல்லப்பா. நான் ஒட்டின ஸ்டிக்கர். கண்ணாடிய ஏத்தச் சொன்னதும் நான்தான். அன்னிக்கு மாப்பிள்ளை எதிர்ல உங்களை..."

அப்பா வட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்கம்மா மட்டும் நல்லா விழுந்திருக்கா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவன் இருந்தானா? வலை பின்னிக்கிட்டு?"

"இருந்தாருப்பா. உங்களைக் கேட்டாரு."

பேப்பரை மடித்து வைத்தார். உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். சாவிக்குக் கை நீட்டினார்.

அன்று சாயங்காலம் அதே படகுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். கடலைப் பார்த்தபடி. வட்டு இல்லை, ஆனால் ரேடியோ உயிரோடு இருந்தது. புதுச்சேரி வானொலியைப் பிடித்தார். பெரியவர் வந்து பக்கத்து சீட்டில், ஏதோ நேற்றுதான் எழுந்து போனவர் மாதிரி உட்கார்ந்தார். அப்பா ஒவ்வொன்றாக நாலு கண்ணாடியையும் இறக்கினார். காற்று குப்பென்று உள்ளே வந்தது. உதட்டில் கரித்தது.

பழக்கதோஷம், வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

திண்டிவனத்துக்காரருக்கு போன் பண்ணி வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். கணக்கு முடிந்தது. திருத்தப் பதிவு இதோ: பற்று, என் கணக்கு. வரவு, அனாமத்து உப்புக்காத்துக் கணக்கு. விவரம்: மூன்று வருஷத்துச் சாயங்காலங்கள்.

தொகையைத்தான் எவ்வளவு என்று போடுவது எனத் தெரியவில்லை.